காபி வேருக்குள் ஒரு கூட்டுக்குடித்தனம்

ஏற்காடு போகிறவர்கள் காபிச் செடியோடு போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. வேரைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். அதை வளர்ப்பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைக்கும் பங்கு உண்டு. வேர் உட்பூசணம் என்று விவசாயக் கல்லூரிகளில் சொல்வது இதைத்தான்.

இந்தப் பூஞ்சை வேருக்குள்ளேயே குடியிருக்கிறது. அதன் மெல்லிய இழைகள், வேர் எட்டாத இடத்துக்கும் போய் மணிச்சத்தை எடுத்து வந்து செடிக்குக் கொடுக்கின்றன. பதிலுக்கு, இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு பூஞ்சைக்கு! மன்னார் வளைகுடாவில் பவள உயிரிகளுக்குள் வாழும் நுண்பாசி செய்வதும் இதே பண்டமாற்றுதான். என்ன, அங்கே சர்க்கரை கொடுப்பது விருந்தாளி. 2016-ல் கடல் சூடானபோது பாசியை இழந்து அந்தப் பவளங்கள் வெளுத்தன. வெளுப்பாவது கண்ணுக்குத் தெரியும்...

வேரில் நடப்பது தெரியாது. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் செடிக்குப் பூஞ்சையின் தயவு தேவைப்படாமல் போகிறது. வேரில் பூஞ்சையும் குறைந்துவிடுகிறது. இலவசமாக வேலை பார்த்த ஆளைத் துரத்திவிட்டுக் காசு கொடுத்து மூட்டை வாங்குவது என்ன கணக்கு? மண்ணைப் பரிசோதித்துவிட்டு உரம் போடுவதும், நாற்றுப் பையிலேயே இந்தப் பூசணத்தைக் கலந்துவிடுவதும்தான் சேர்வராயன் மலையின் சிறு தோட்டக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும்.