புரண்டு படுத்ததாலா?

போன வாரம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். வளையல் அடுக்கி முடிப்பதற்குள் யாரோ ஸ்கேனைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். 'ப்ரீச்' என்று எழுதியிருக்கிறதாம். அதாவது குழந்தையின் தலை மேலே, புட்டம் கீழே. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் என் வயசுக்காரர்கள்தான்.

"எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படுன்னு சொன்னேன், கேட்டாளா?" என்றார் மாமியார். "ஸ்கூட்டர்ல போனதுதான்" என்றார் ஒரு சித்தி. "எங்க ஊர்ல ஒரு பாட்டி இருக்காங்க, விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டா தலை திரும்பிடும்" என்றார் இன்னொருவர். கை நிறைய வளையலோடு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

34 வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். விசேஷ வீட்டில் சண்டை வேண்டாமென்று அன்றைக்குப் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டேன். மீதியை இங்கே சொல்கிறேன், நம் தலைமுறைக்கு.

28 வாரத்தில் நாலைந்து குழந்தைக்கு ஒன்று தலை மேலாகத்தான் இருக்கும். அப்போது குழந்தை சின்னது, பனிக்குடத்தில் தாராளமாக இடம் இருக்கிறது, சுற்றிச் சுற்றி வரும். வளர வளரப் பெரும்பாலும் தலை தானாகவே கீழே வந்துவிடும். நிறைமாதத்திலும் திரும்பாமல் நிற்பது நூற்றுக்கு மூன்று நான்குதான். அதற்குக் கர்ப்பப்பையின் அமைப்பு, கட்டி, நஞ்சு கீழே இருப்பது என்று ஏதாவது காரணம் இருக்கலாம். பல சமயம் ஒரு காரணமும் இருக்காது. தாய் புரண்டு படுத்தது காரணமே இல்லை.

நாங்கள் கை வைத்தே பார்ப்போம். வயிற்றின் மேல்பக்கம் கெட்டியாக, உருண்டையாக, இரண்டு கைக்கும் நடுவே ஆடினால் தலை. மெத்தென்று அகலமாக இருந்தால் புட்டம். ஒரு பக்கம் வழவழவென்று முதுகு, மறுபக்கம் சின்னச் சின்ன மேடாகக் கைகால். தலை கீழே என்றால் இதயத் துடிப்பு தொப்புளுக்குக் கீழே கேட்கும். ப்ரீச் என்றால் தொப்புளை ஒட்டியோ மேலேயோ. இப்போது யார் அவ்வளவு நேரம் கை வைக்கிறார்கள்? அது வேறு கதை.

உருவிவிடுவதைப் பற்றி மட்டும் கோபமாகவே சொல்கிறேன். அப்படி உருவிவிட்டு ரத்தப்போக்கோடு வந்த ஒருத்தியை எனக்கு மறக்கவே முடியாது. நஞ்சு பிரிந்திருந்தது. தாயைக் காப்பாற்றினோம். குழந்தை போய்விட்டது. உருவிவிட்ட அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை.

டாக்டர்களும் வெளியிலிருந்து திருப்புவதுண்டு. ஆனால் 36, 37 வாரத்துக்கு மேல், ஸ்கேன் பார்த்து, குழந்தையின் துடிப்பைக் கவனித்துக்கொண்டு, தேவைப்பட்டால் உடனே ஆபரேஷன் செய்ய எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு. அப்படிச் செய்தும் பாதிப் பேருக்குத்தான் பலிக்கும். ஏழாம் மாதத்திலேயே ப்ரீச்சுக்காக ஆபரேஷன் தேதி குறிப்பவர்களிடமும், "36 வாரத்தில் மறுபடி பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. நிறைமாதத்தில் குழந்தை குறுக்கே கிடந்து நீர் உடைந்தால், கொடி முன்னால் நழுவிவிடலாம். வீட்டில் யோசித்துக்கொண்டிருக்காமல், படுக்க வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நம் அதிகாரத்தையெல்லாம் அன்றைக்குக் காட்டலாம்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இடமோ வலமோ, வசதிப்பட்ட பக்கம் ஒருக்களித்துப் படு என்று சொல்லியிருக்கிறேன். அவள் மாமியார் இப்போது என்னோடு பேசுவதில்லை.