முதலில் வேலை, பிறகு விசா, கடைசியில் தீவு

பாலிக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் உடனே வரும் கேள்விகள் இரண்டுதான். டிக்கெட் எவ்வளவு? எத்தனை நாள்? "அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. கடல், மணல், தென்னை மரம்... இதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் குடிவரவு அதிகாரிக்கு வேண்டியது அந்த ஒரு கேள்விக்கான விடைதான். விசா என்பது அந்தக் கேள்விக்கு எழுதிக் கொடுக்கும் பதில். பதில் பொய்யாக இருந்தால் பிறகு வரும் தொல்லைகளுக்கு அளவே இல்லை.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். 2016ல் இந்தோனேசியா இந்தியா உட்பட 169 நாட்டவரை முப்பது நாள் விசா இல்லாமல் வரவிட்டது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் அது நின்றது. 2023 ஜூனில் 159 நாடுகளுக்கு அந்தச் சலுகையை முறைப்படி விலக்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள் இன்றும் "விசாவே வேண்டாம்பா, நேரா போய் இறங்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிக்கும் கதைதான் இது.

இப்போது சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இருக்கும் எளிய வழி, இறங்கியதும் கிடைக்கும் விசா. ஐந்து லட்சம் ரூபியா கட்டணம். கேட்க மலைப்பாக இருந்தாலும் இந்தியக் கணக்கில் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். முப்பது நாள் தங்கலாம், ஒரு முறை மட்டும் இன்னொரு முப்பது நாள் நீட்டிக்கலாம். அதற்கு மேல் அந்த விசாவில் இடமில்லை. கூடுதல் நாள் வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்கு சி1 என்ற சுற்றுலா விசா இருக்கிறது. கிளம்பும் முன்பே வாங்க வேண்டும். முதலில் அறுபது நாள், நீட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் 180 நாள் வரை.

நாள் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. வந்து இறங்கும் நாளே முதல் நாள். இரவு 11.50க்கு விமானம் தரையைத் தொட்டாலும் அந்தப் பத்து நிமிடம் ஒரு முழு நாள்! இது தெரியாமல் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டால் அபராதம் பத்து லட்சம் ரூபியா, அதுவும் நாளொன்றுக்கு. அறுபது நாளைத் தாண்டினால் அபராதம் கட்டித் தப்ப முடியாது. நாடு கடத்துவார்கள், மறுபடி வரவும் தடை விழும்.

இதுவரை சொன்னது ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு. சிக்கல் மடிக்கணினியோடு போகிறவர்களுக்கு.

சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்ளலாம். வேலை எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான், ஆறு மாதம் பாலியில் இருந்து பார்த்தால் என்ன என்று தோன்றுகிறது. தோன்றுவதில் தப்பே இல்லை. இதற்கென்றே இந்தோனேசியா 2024ல் இ33ஜி என்ற ஓராண்டு விசாவைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் வேண்டும். வருமானம் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 டாலர் வேண்டும். அதாவது ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேல்! அந்தச் சம்பளம் வாங்குகிறவர் இங்கே எத்தனை பேர்?

அப்போதுதான் ஆசை குறுக்கு வழி காட்டுகிறது. "சுற்றுலா விசாவில் போய்விட்டு அறைக்குள் வேலை பார், யாருக்குத் தெரியப் போகிறது?" இப்படிச் சொல்ல ஏஜெண்டுகளும் தயாராக இருக்கிறார்கள். 2022ல் அன்றைய சுற்றுலா அமைச்சர் சாண்டியாகா ஊனோவே, வெளிநாட்டுச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள் அப்போதிருந்த பி211ஏ விசாவில் வரலாம் என்ற தொனியில் பேசினார் என்பதும் உண்மை. ஆனால் அமைச்சரின் பேட்டி ஒன்று, கடவுச்சீட்டைப் புரட்டும் அதிகாரியின் கையில் இருக்கும் சட்டம் வேறொன்று. 2011ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், கொடுத்த அனுமதியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் ஐந்தாண்டு வரை சிறை, ஐம்பது கோடி ரூபியா வரை அபராதம் என்கிறது.

யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையும் கெட்டியானது அல்ல. 2021 ஜனவரியில் ஓர் அமெரிக்கப் பெண் பாலி வாழ்க்கை எவ்வளவு மலிவு, எவ்வளவு இனிமை என்று ட்விட்டரில் வரிசையாக எழுதினார். தன்னைப் போல வந்து குடியேற வழி சொல்லும் மின்னூலையும் விற்றார். இந்தோனேசியர்களே அதைப் படித்துக் கொதித்துப் போனார்கள். சில நாட்களில் அவர் நாடு கடத்தப்பட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தக் கோபம் வெறும் பொறாமையில் வந்தது அல்ல. அப்போது கொரோனாவால் சுற்றுலா படுத்து, தீவு மக்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். 2023 மார்ச்சில் பாலி ஆளுநர் வயான் கோஸ்டர், ரஷ்ய, உக்ரேனிய நாட்டவருக்கு இறங்கியதும் தரும் விசாவை நிறுத்தும்படி மத்திய அரசைக் கேட்டார். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் முடி வெட்டுகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள், வழிகாட்டியாகக் காசு பார்க்கிறார்கள் என்பது புகார். அறைக்குள் நிரல் எழுதுகிறவர் உள்ளூர்க்காரர் யாருடைய வேலையையும் பறிக்கவில்லைதான். ஆனால் கல்யாணப் படம் எடுத்துக் கொடுக்கிறவரும், யோகா வகுப்பு நடத்துகிறவரும் நேராக உள்ளூர்க்காரரின் தட்டில் கை வைக்கிறார்கள். காசு வாங்காமல் செய்தால் பரவாயில்லை என்று நினைப்பதும் ஆபத்து. சம்பளம் உண்டா என்று பார்ப்பதற்கு முன், செய்தது வேலையா என்றுதான் அதிகாரி பார்ப்பார்.

இந்த விதிகள் நியாயமா என்றால், முழுக்க நியாயம் என்று சொல்ல முடியாது. 2024 ஜூலையில் அதே நாடு தங்க விசாவைத் தொடங்கியது. நிறுவனம் எதுவும் தொடங்காமலே மூன்றரை லட்சம் டாலரை முதலீடாகப் போடுகிறவர் ஐந்தாண்டு தங்கலாம். பணம் இருப்பவனுக்குத் தங்கக் கதவு, நடுத்தரச் சம்பளக்காரனுக்கு நாள் எண்ணும் கதவு. குறை சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் விதி அநியாயம் என்பது பொய் சொல்வதற்கு உரிமை ஆகாது. மாட்டிக்கொண்டால் ஏஜெண்டு வந்து நிற்க மாட்டார். கடவுச்சீட்டில் விழும் முத்திரை போனவருடையது. அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் "முன்பு நாடு கடத்தப்பட்டதுண்டா?" என்ற கேள்வி அவருக்காகக் காத்திருக்கும்.

வழி இல்லாமலும் இல்லை. வெப்பமண்டலத் தீவு என்றால் பாலி ஒன்றுதானா? தாய்லாந்து 2024 ஜூலையில் டிடிவி என்ற விசாவைத் தொடங்கியது. ஐந்து லட்சம் பாட் கையிருப்பைக் காட்ட வேண்டும். விசா ஐந்தாண்டு செல்லும், ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து பார்ப்பதும் அதில் வெளிப்படையாகவே அனுமதி. புக்கெட் தீவில் கதவைத் திறந்துவைத்தே வேலை பார்க்கலாம். மலேசியா 2022ல் தொடங்கிய டிஇ ரந்தாவ் திட்டத்தில், கணினித் துறையினருக்கு ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானமே எல்லை. பினாங்கும் லங்காவியும் தீவுகள்தானே?

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். பலர் தீவை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு அதற்குள் நுழைய ஒரு விசாவைத் தேடுகிறார்கள், கடைசியில் தாங்கள் செய்யும் வேலையை அந்த விசாவுக்குள் ஒளித்துவைக்கிறார்கள். செய்யப் போவதை முதலில் ஒரு வரியில் எழுதிப் பார்க்கட்டும். அந்த வரியை அதிகாரி முன் கூச்சமில்லாமல் படிக்க முடிகிற விசா எதுவோ அதுவே சரியான விசா. அந்த விசாவைத் தரும் தீவே சரியான தீவு.

விண்ணப்பிப்பதை அரசின் சொந்தத் தளத்திலேயே செய்வது நல்லது. இந்தோனேசிய அரசுத் தளங்களின் முகவரி 'ஜிஓ டாட் ஐடி' என்று முடியும். அதே போலத் தோற்றம் காட்டி இரட்டிப்புக் காசு பறிக்கும் தளங்கள் நிறைய உண்டு. ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் டிக்கெட், 2024 பிப்ரவரி முதல் பாலி வசூலிக்கும் 150,000 ரூபியா சுற்றுலா வரி, இவையும் கணக்கில் இருக்கட்டும்.

தீவுக்குப் போவதே நிம்மதியைத் தேடித்தான். கதவு தட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மடிக்கணினியை மூடி மறைக்கிறவருக்கு, ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்து என்ன பயன்?