பூசாமல் விற்போம்

பழைய காரை விற்க நினைப்பவர் முதலில் தேடிச் செல்வது வாங்குபவரை அன்று, வண்ணம் பூசுபவரைத்தான். எஞ்சின் எப்படி இருந்தாலும் மேனி மினுங்க வேண்டும், மினுங்கினால் விலை தானே ஏறும் என்று எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை எதிர்த்து எழுத வந்திருக்கிறேன். ஓட்டத்தில் குறையின்றித் தோற்றத்தில் மட்டும் மங்கிப்போன ஒரு வண்டியை, மங்கிய மேனியோடேயே விற்க வேண்டும். விற்பவருக்கும் அதுதான் இலாபம். வாங்குபவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

"மெஸ் பாக்கியைக் கட்டவே உதவித்தொகை போதவில்லை, நமக்கெதற்குக் கார் வணிகம்?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகையுங்கள், ஆனால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளை நீங்கள் விற்கப்போகும் பழைய ஸ்கூட்டருக்கும் இந்த வாதம் பொருந்தும்.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எம்.ஜி., டிரையம்ப், ஜாகுவார் என்னும் பெயர்கள் நினைவுக்கு வரும். நம் நாட்டுச் சாலைகளில் அவை அன்றும் அரியவை. விடுதலைக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு வாயிலை இன்னும் இறுக அடைத்தது. ஆனால் அந்தக் குடும்பத்தின் நெருங்கிய உறவு ஒன்று சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்தில் உருவாயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற கார் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கேலோட்டி என்னும் இத்தாலியர். அதே காரை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கே உருவாக்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் சென்னை நிறுவனம். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கேலோட்டியின் வரைபடத்தில், இரண்டே இருக்கை கொண்ட ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, ஹெரால்டும் ஸ்பிட்பயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒருவன் ஊர் சுற்றினான். மற்றவன் வண்டலூரில் பிறந்து குடும்பம் நடத்தினான். குடும்பக்காரனும் சும்மா இருக்கவில்லை. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியிருக்கிறது. 1968இல் அதற்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். தாய்நாட்டில் பிறந்த ஹெரால்டுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1972இல் அது கஸெல் என்று உருமாறியது. 1980களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. இன்று எஞ்சியிருப்பவை சில. அந்தச் சிலவற்றுள் ஒன்றை விற்கும் முறை பற்றியதே என் வழக்கு.

ஹெரால்டின் வலிமை அதன் மேனியில் இல்லை. பிற்காலக் கார்களில் மேனிக்கூடே வண்டியின் எலும்பும் ஆகும். ஹெரால்டிலோ தனி அடிச்சட்டம் உண்டு. அதன்மேல் மேனியைத் துண்டு துண்டாக வைத்து ஆணி முடுக்கியிருக்கிறார்கள். முன்பக்கத்து மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே வாயாகத் திறந்து முன்னே கவிழும். முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைக் கழற்றிப் பூட்டலாம். இவ்வளவு வெளிப்படையான ஒரு வண்டியின் மேல் எதையேனும் பூசி மறைப்பது வேடிக்கையாக இல்லையா?

பூச்சின் வேதியியலைச் சிறிது பார்ப்போம். வெயிலில் நின்ற காரின் மேல் கையை வைத்துத் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டுகிறதே, அது என்ன? புறஊதாக் கதிர் பட்டு வண்ணத்திலுள்ள பிசின் சிதைகிறது. பிடியிழந்த நிறமி மாவாக உதிர்கிறது. மேற்பரப்பின் மெல்லிய படலத்தில் நடக்கும் நிகழ்ச்சி இது. அடியிலுள்ள தகட்டுக்கு அதனால் உடனே கேடில்லை. கிழவரின் முகத்துச் சுருக்கத்தைப் பார்த்து எலும்பு முறிந்திருக்கிறது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

துருவின் கதை வேறு. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். ஒரே தகட்டில் ஆக்சிஜன் மிகுதியாகக் கிடைக்கும் இடமும் குறைவாகக் கிடைக்கும் இடமும் அமைந்தால், ஒரு சிறு மின்கலமே அங்கு உருவாகிவிடுகிறது. அதில் கரைவது ஆக்சிஜன் குறைந்த இடத்து இரும்பு! அதாவது, திறந்து கிடக்கும் இடத்தைவிட, ஈரத்தோடு மூடிக்கிடக்கும் இடமே பெரிதும் அரிக்கப்படுகிறது. உண்டான துரு, கரைந்த இரும்பைவிட மிகுதியான இடத்தைக் கேட்கிறது; ஆகவே மேலுள்ள வண்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. கடற்கரை ஊரில் வாழ்ந்த வண்டியென்றால் உப்பும் சேர்ந்து வேலையை விரைவுபடுத்தும். இப்போது சொல்லுங்கள்: துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் பட்டி வைத்து, தேய்த்து, பளபளவென்று வண்ணம் அடித்துத் தருகிறார்களே, அவர்கள் செய்வது என்ன? நோயைப் போர்வைக்குள் வைத்து வளர்க்கிறார்கள். ஆறு மாதம் மினுங்கும். வாங்கியவன் வீட்டில் ஒரு மழைக்காலம் கழியட்டும், கதவின் அடியில் கொப்புளம் தலைகாட்டும்.

(இந்தத் தொல்லையே இல்லாத ஒரு காரை நம் பெங்களூரிலேயே செய்தார்கள். 1980களில் வந்த சிபானி டால்பின், இங்கிலாந்தின் ரிலையன்ட் காரைத் தழுவியது. மேனி முழுவதும் கண்ணாடியிழை. துருப்பிடிக்கவில்லை; ஆனால் மக்கள் மனத்திலும் பிடிக்கவில்லை.)

அல்சூரில் ஒரு தமிழ்ப் பெரியவர் இருக்கிறார். பொதுத்துறை ஆலையொன்றில் கடைசல் பொறியில் நின்று ஓய்வு பெற்றவர். அவரிடம் 1969ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்று உள்ளது. வாங்கிய நாளிலிருந்து தம் கையாலேயே பழுதுபார்த்து வந்திருக்கிறார், உதிரிப்பாகத்துக்கு ஜே.சி. ரோடும், அங்கே கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையும். இப்போது கண் மங்கிவிட்டது, ஓட்டுவதில்லை. துணைவியாருக்கு முழங்கால் அறுவை செய்தாக வேண்டும். "தம்பி, விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். நாலு வரி விளம்பரம் எழுதிக் கொடு" என்றார்.

நான் எழுதுவதற்கு முன்பே ஒரு தரகர் வந்து போயிருக்கிறார். டிங்கரிங்கும் பெயின்டிங்கும் முடித்துக் கொடுத்தால், உணவு விடுதி ஒன்றின் வாசலில் நிறுத்த ஆள் தயாராம். எஞ்சின் தேவையில்லையாம்; கழற்றி எடைக்குப் போட்டுவிடலாமாம். சிவப்பு வண்ணம் அடித்தால் போதுமாம்! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த எஞ்சினை அவர் பிள்ளையைப் போலப் பேணினாரோ அது எடைக்கு. எந்தத் தகட்டை அவர் பொருட்படுத்தவே இல்லையோ அதற்கு விலை. அவர் அதைச் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. "பணம் அதிகம் தருகிறான், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைக் கட்டணத்தை வாதத்தால் கட்ட முடியாது. ஆனால் தரகரின் கணக்கில் ஓட்டை இருக்கிறது. பூசுவதற்கு ஆகும் செலவு விற்பவர் தலையில். ஓட்டுவதற்காக வாங்கும் ஆர்வலரோ, புதுப் பூச்சைக் கண்டாலே ஐயப்படுகிறார். அதைச் சுரண்டி அடியைப் பார்க்காமல் அவர் உறங்கமாட்டார். தம் மனத்துக்குப் பிடித்த நிறத்தை மீண்டும் அடிப்பார். ஆக, ஒரே காருக்கு இரண்டு பூச்சுச் செலவு. முதற்செலவு முழுதும் வீண். அந்தப் பணத்தில் பிரேக் உருளைகளைப் புதுப்பித்தால் ஓர் உயிருக்காவது உதவும்.

"ஆள் பாதி ஆடை பாதி என்பார்களே" என்று கேட்பீர்கள். உண்மை. மங்கிய காரைப் பார்த்துப் பத்துப் பேரில் எட்டுப் பேர் திரும்பிப் போவார்கள். போகட்டும்! எஞ்சிய இருவரே நமக்கு வேண்டியவர்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: வண்ணம் முற்றும் போய் இரும்பு வெளியே தெரிகிற இடத்தை அப்படியே விடுவதும் தவறுதான். அங்கே துருவைத் தேய்த்தெடுத்துப் பிரைமர் ஒரு கை அடியுங்கள். அது மருந்து; ஒளிவு அன்று. பார்ப்பவனுக்கும் "இங்கே மருந்து போட்டிருக்கிறது" என்று தெரியும்.

தோற்றத்தைக் கொண்டு விலை பேச முடியாதென்றால் எதைக் கொண்டு பேசுவது? அளவைக் கொண்டு பேசலாம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து எழுதி வையுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தால் நன்று. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. எஞ்சின் சூடேறியபின் எண்ணெய் அழுத்தம் நிற்கிறதா என்று காட்டுங்கள். ஹெரால்டுக்கும் ஸ்பிட்பயருக்கும் பொதுவான ஒரு நுட்பம் உண்டு: முன் சக்கரம் திரும்பும் தண்டின் அடியில் டிரன்னியன் என்றொரு மூட்டு. அதற்குக் கிரீஸ் ஆகாது; கியர் எண்ணெய் விட வேண்டும். இதை அறியாத கையில் சிக்கினால் உள்ளே நீர் தங்கி, தண்டு அரித்து, ஒரு திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். எத்தனை கோட்டு வண்ணம் அடித்தாலும் அந்த முறிவைத் தடுக்க முடியுமா? பெரியவர் அந்த எண்ணெயை எப்போதெல்லாம் விட்டார் என்பதை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். விளம்பரத்தோடு அந்தப் பக்கங்களின் படத்தையும் சேர்த்தோம். துமகூரிலிருந்து ஒரு கன்னட இளைஞர் வந்தார். மேனியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. கைவிளக்கோடு நேரே வண்டியின் அடியில் படுத்து, அடிச்சட்டத்தின் பக்கக் கிளைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எழுந்ததும் பெரியவரிடம் கேட்ட முதற்கேள்வி அந்த நாட்குறிப்பையும் தருவீர்களா என்பதுதான்.

எம்.ஜி. என்ற பெயரை மேலே சொன்னேன். இன்று நம் சாலைகளில் அந்த எண்கோணச் சின்னத்தை நிறையவே காண்கிறோம். 2019 முதல் குஜராத்திலுள்ள ஹாலோலில் அந்தப் பெயரில் கார்கள் உருவாகின்றன. பெயருக்கு உரிமை சீன நிறுவனத்துக்கு. பழைய ஆபிங்டன் தொழிற்சாலை 1980இலேயே மூடப்பட்டுவிட்டது. சின்னம் பழையது, உள்ளீடு புதியது. வணிகத்தில் அது குற்றமில்லை; எல்லாரும் அறிந்தே வாங்குகிறார்கள். உள்ளீட்டைப் பற்றி வாங்குபவனுக்குப் பொய் சொல்லாதவரை எனக்கும் வழக்கில்லை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021இல் தனி விதி செய்தது. அடிச்சட்டம், மேனிக்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாத வண்டிக்கு, வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். முதற்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் அந்த எண் வாங்கிய பின் கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் எடுத்துச் செல்லலாமே தவிர, நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்ட முடியாது. எது வேண்டும் என்று வாங்குபவர் முன்கூட்டியே முடிவு செய்யட்டும். மேனியை அறுத்து ஒட்டும் டிங்கரிங்கில் இறங்குமுன் இந்த விதியை ஒருமுறை படிப்பது நல்லது. சாதாரணப் பதிவில் விற்பவர்கள் 29, 30 எண் படிவங்களை அலுவலகத்தில் சேர்க்காமல் விடவே கூடாது. பதிவேட்டில் பெயர் மாறாதவரை, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெரியவரின் வயதில் அப்படியொரு வழக்கைச் சுமக்க முடியுமா?

நாங்கள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய விளம்பரத்தைக் கீழே தருகிறேன். வேண்டுவோர் வண்டியின் பெயரை மாற்றிக்கொண்டு பயன்படுத்தலாம்:

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969. நான்கு கதவு, 948 சி.சி. நாள்தோறும் எஞ்சினை இயக்கி வைத்திருக்கிறோம். நான்கு சிலிண்டர் அழுத்தமும் அளந்து தாளில் உள்ளது. பிரேக் சென்ற ஆண்டு புதுப்பித்தது. வண்ணம் மங்கியது, கூரையில் உதிர்கிறது. வலப்பக்கப் பின் கதவின் அடியில் துரு உண்டு. இரண்டாம் படத்தில் காண்க. இருக்கை கிழிந்தது. வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கும் இயல்புடையது. மெல்ல ஓட்டுபவர் வாங்கவும். எங்கும் பட்டி இல்லை. காந்தம் கொண்டு வந்து பார்க்கலாம். காலை ஏழு மணிக்குள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வரவும்."