கடிகாரம் லஞ்சம் வாங்காது

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஓட்டம் எதற்கு என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 46 வயதில், மயிலம் மலையடிவாரத்திலிருந்து கூட்டேரிப்பட்டுச் சாலையில், விடியற்காலை நாலரை மணிக்கு அரைக்கால் சட்டையோடு ஓடுகிறவனைக் கண்டால் தெருநாய்கூட ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குரைக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது என் ஓட்டத்தைப் பற்றியல்ல. அதன் முடிவில் என்னிடம் பேசப்பட்ட ஒரு பேரத்தைப் பற்றி.

பெரிய நகரம் ஒன்றில் நடக்கும் முழு மாரத்தானில், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தில், கலந்துகொள்ள ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதில் பாதித் தூரத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்த சான்றிதழைக் காட்டவேண்டும். ஏழு மாதம் பழகிவிட்டு ஓர் அரை மாரத்தானில் ஓடினேன். 2 மணி 33 நிமிஷம் ஆயிற்று. மூன்று நிமிஷத்தில் கதவு சாத்திக்கொண்டது.

வருத்தம் இருந்தது; கோபம் இல்லை. கடிகாரத்தோடு யார் சண்டை போடுவது? ஆனால் மூன்றாம் நாள், அந்தப் பந்தயத்துக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன சார்? கொஞ்சம் கூடுதலாகக் கட்டணம் கட்டிவிடுங்கள். சிறப்புப் பிரிவில் இடம் போட்டுவிடுகிறோம்" என்றார் மிகவும் குழைவாக. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் வேறு திசையில் பாய்ந்தார். "ஓடுவதற்குத் தகுதி என்னய்யா தகுதி? மயிலம் மலை ஏறுகிறவனிடம் முருகன் சான்றிதழ் கேட்கிறானா?" என்றார். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்நிதி வேறு, பந்தயம் வேறு. எல்லோரும் வாருங்கள் என்று திறந்துவைக்கிற ஓட்டமும் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் 2008-இல் தொடங்கிய மாரத்தானில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்ற பேச்சே கிடையாது. அது ஒரு யோக்கியமான கதவு. சாலை கொள்ளாத கூட்டம் வருகிற இடத்தில் கடிகாரத்தை வைத்துப் பொறுக்குவது இன்னொரு யோக்கியமான கதவு. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

கடிகாரத்தின் அருமை தெரியவேண்டுமானால், அது வருவதற்கு முன்னால் இருந்த கதவைப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் 1897-இல் 15 பேரோடு தொடங்கியது. 1966-இல் பாபி கிப் என்ற பெண் விண்ணப்பித்தபோது, பெண்ணின் உடம்பு அத்தனை தூரம் தாங்காது என்று பதில் வந்தது. அவர் புதரில் ஒளிந்திருந்து, ஆண்கள் புறப்பட்டதும் கூட்டத்தில் கலந்து ஓடி முடித்தார். முறையாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1972-இல்தான். இதற்கிடையில் 1970-இல், நாலு மணி நேரத்துக்குள் ஓடக்கூடியவர்களே வரலாம் என்று விதி செய்தார்கள். இன்று வயதுக்கும் பாலுக்கும் தக்கபடி நேரத்தைத் தளர்த்திக் கணக்குப் போடுகிறார்கள். நீ யார் என்று கேட்ட கதவு, எவ்வளவு நேரத்தில் ஓடினாய் என்று கேட்கத் தொடங்கிற்று. இது முன்னேற்றம் இல்லையா?

அங்கேயும் இன்று நெருக்கடிதான். 2025-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு, நிர்ணயித்த நேரத்துக்குள் ஓடியவர்களிலேயே 12,324 பேருக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லையைவிட 6 நிமிஷம் 51 விநாடியாவது முந்தியவர்களுக்குத்தான் கிடைத்தது. தர்ம ஸ்தாபனங்களுக்குப் பணம் திரட்டிக் கொடுத்து ஓடுவோருக்கும் அங்கே இடம் உண்டு. அந்தப் பணம் ஒரு நோயாளிக்கோ அநாதைக்கோ போய்ச் சேரும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வந்த பேரத்தில் அந்தச் சமாதானம்கூட இல்லை. பெரிய கோயில்களில் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கிக்கொண்டு, வெயிலில் நிற்கிற கிழவியைத் தாண்டிப் போகிறோமே, அதே காரியம்தான் இது.

அந்தக் கிழவியின் இடத்தில் இங்கே ஒரு பையன் நிற்கிறான். போலீஸ் வேலைக்காகத் தினமும் அதே சாலையில் ஓடுகிறவன். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடவேண்டும் என்பது அவனுக்கு வைத்த பரீட்சை. ஒரு நாள் எனக்குத் துணையாக முழு 21 கிலோமீட்டரும் வந்தான். முன்னால் ஓடுவான், நின்று கட்டைவிரலில் குத்திய கல்லைப் பிடுங்குவான், மறுபடி என்னைப் பிடிப்பான். செருப்புகூட இல்லை.

"தம்பி, நீ ஏன் ஒரு பந்தயத்துக்குப் பேர் கொடுக்கக்கூடாது?"

"பீஸ் எவ்ளோ சார்?"

சொன்னேன். ரயில் செலவையும், முதல் நாள் இரவு தங்கும் செலவையும் அவனே கூட்டிக்கொண்டான்.

"அந்தக் காசுல எங்க வீட்ல ரெண்டு மாசம் பால் வாங்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

என் கட்சி இதுதான். கடிகாரம் சாதி கேட்காது, படிப்புக் கேட்காது, லஞ்சம் வாங்காது. ஆனால் அந்தக் கடிகாரத்தின் முன்னால் போய் நிற்பதற்கே காசு வேண்டும் என்றால் அதன் நேர்மையால் யாருக்கு லாபம்? ஓடத் தெரிந்தவனிடம் சான்றிதழ் இல்லை. சான்றிதழுக்கு ஓட முடியாத என்னைப் போன்றவனுக்குச் சிறப்புப் பிரிவு. இதற்குத் தகுதி என்று பெயர்!

பரிகாரம் ஒன்றும் மலையைப் பிளக்கிற வேலையல்ல. தூரத்தை அளக்க, கணக்குக் கருவி பொருத்திய ஒரு சைக்கிள் போதும். தூரம் குறைந்துவிடக்கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டி அளப்பது உலக வழக்கம். அரை மாரத்தானுக்கு 21 மீட்டர் கூடும், அவ்வளவுதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு மாவட்டந்தோறும் அதிகாரி இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு நாள், மயிலம் போன்ற ஊர்ச் சாலையில், கட்டணமில்லாமல் ஓடவிட்டு நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அந்தக் காகிதத்தைப் பெரிய பந்தயக்காரர்கள் ஏற்கட்டும். விற்பதற்கு வைத்திருக்கும் சிறப்பு இடங்களை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும்.

குழைந்து பேசிய அந்த மனிதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடி பழகிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை 2 மணி 31 நிமிஷத்துக்கு வந்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தை நான் கால்களால்தான் தீர்க்கப்போகிறேன்.