பைபர் படகின் உட்புறம்

கடலூர் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் மணல்மேல் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகுகளை மாணவர்கள் பார்த்திருக்கலாம். கம்மாபுரம் வயலையும் நெய்வேலிச் சுரங்கத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படகு சற்றுத் தொலைவான பொருள்தான். ஆனால் அது செய்யப்பட்ட பொருள் தொலைவில் இல்லை. அனல்மின் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் சுழலும் விசிறி இறகுகள் பலவும் கண்ணாடி இழையும் செயற்கைப் பிசினும் சேர்ந்த இதே பொருளால் ஆனவையே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரைகளுக்கு ஏராளமான பைபர் படகுகள் வந்தன. அவற்றில் எஞ்சியிருப்பவற்றுக்கு இன்று வயது ஏறக்குறைய இருபது. அத்தகைய படகு ஒன்றின் உட்புறத்தை உற்றுப் பாருங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்புப் பிசினைச் சிதைத்திருக்கும். இழைகள் நரைமயிர்போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெறுங்காலால் மிதித்தால் சுருக்கென்று தைக்கும். அந்த இழைகளை ஒட்டியே நுண்புழைக் கவர்ச்சியால் நீர் உள்ளே ஊர்ந்து செல்லும்.

"ஒரு கை பெயிண்ட் அடித்தால் போயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஈரத்தின்மேல் பூசிய பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாங்குவதே அரிது. படகையே ஒதுக்கிவிட்டு வேறு வாங்கலாம் என்பதும் சரியன்று. இப்பிசின் மெழுகைப்போல் உருகி மறுபடி உருவெடுப்பதில்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோல் பின்னி இறுகியவை. எரித்தால் கரும்புகை எழும். கண்ணாடி அப்படியே மிஞ்சும். ஆகவே உடலில் உறுதியுள்ள படகைச் செப்பனிடுவதே அறிவுடைமை.

செப்பனிடுவதற்கு முன் சோதனை வேண்டும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால், அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஈரத்தை அறிய ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தால் போதும். தாளின் அடியில் நீர்த்துளிகள் அரும்பினால் படகு இன்னும் காயவில்லை என்று பொருள். அடுத்தது கழுவுதல். மீன் எண்ணெயையும் மெழுகையும் முதலில் சோப்பு நீரால் போக்கிவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும். முதலில் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் புகுந்து புதுப்பிசின் ஒட்டாமல் செய்துவிடும். பலர் அவசரத்தில் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

இவையெல்லாம் படகின் நலம். என் கவலை வேறு. கரையில் இந்தப் படகுகளைத் தேய்க்கும் வேலையில் உங்கள் வயதுப் பையன்களையும் கண்டிருக்கிறேன். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவே பாதுகாப்பு. தடித்த இழைத்துண்டு தோலையும் கண்ணையும் உறுத்துவதோடு நின்றுவிடும். பிசினும் கண்ணாடியும் பொடிந்து உண்டாகும் மிக நுண்ணிய தூளோ நுரையீரல்வரை போகும். துண்டின் நூல்களுக்கு இடையே உள்ள துளைகள் அத்தூளுக்குத் திறந்த வாயில்.

ஆவியின் கதை இன்னும் மோசம். பாலியெஸ்டர் பிசினில் ஸ்டைரீன் என்னும் நீர்மம் கலந்திருக்கிறது. அதன் மூலக்கூறு எடை 104. காற்றின் சராசரி 29. காற்றோட்டம் இல்லாதபோது இந்த ஆவி தாழ்ந்த இடத்தில் தங்கும். படகு என்பது என்ன? ஒரு பெரிய கிண்ணம்! வேலையாள் குனிந்து பூசும்போது அவருடைய மூக்கு அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. "கடற்காற்றுதான் வீசுகிறதே" என்பவர்கள், காற்று விளிம்புக்கு மேலேதான் வீசுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்டைரீனைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய வாய்ப்பு மிகுந்த பொருள்களின் பிரிவில் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் சேர்த்தது.

இந்த வெயிலில் முகமூடி அணிந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேய்த்தால் தூள் பறக்காது. (மின்சார கிரைண்டரோடு தண்ணீரைச் சேர்க்க வேண்டாம், அது வேறு வகை ஆபத்து.) விசிறியைத் தலைக்கு மேல் வைப்பதைவிட, படகின் அடியிலிருந்து ஆவியை இழுத்து வெளியேற்றும்படி ஒரு குழாயுடன் வைப்பது நல்லது. பிசினை இறுகச் செய்யும் பெராக்சைடையும், அதை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலையும் நேரடியாகக் கலக்கக் கூடாது. தீப்பற்றலாம், வெடிக்கவும் செய்யலாம். இதைத் தெரியாமலே இவ்வேலைக்கு வரும் இளைஞர்கள் இருக்கக் கூடாது.

கடலோரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இதை ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. படகு கொடுக்கும் திட்டம் எதுவாயினும், செப்பனிடும் கருவிகளோடு உரிய முகமூடியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தூளுக்கான வடிகட்டி மட்டும் போதாது. அது ஆவியைத் தடுக்காது. ஆவியைப் பிடிக்கக் கிளர்வுற்ற கரி வேண்டும். அக்கரியைத் தேங்காய் ஓட்டிலிருந்தும் செய்யலாம், நம் ஊர்ப் பூமிக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி போன்றதிலிருந்தும் செய்யலாம்.