ஒரே புண், இரண்டு நோய்கள்

குடல் அழற்சி நோய்க்குப் புதிய மருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் இந்திய டாக்டரின் முதல் கேள்வி இன்னமும் பழைய கேள்விதான்: இது காசநோயா, இல்லையா?

நோயாளிக்கு வயது இருபத்தைந்து இருக்கும். சில மாதங்களாக வயிற்று வலி. அவ்வப்போது பேதி. மாலையில் லேசான காய்ச்சல். சட்டை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு எடை குறைந்திருக்கிறது. கொலோனாஸ்கோபி செய்து பார்த்தால் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண்கள். துண்டு சதை எடுத்துச் சோதித்த பரிசோதனைக் கூடம் 'நாள்பட்ட அழற்சி' என்று எழுதி முடித்துக்கொள்கிறது. தில்லி, லூதியானா, ஹைதராபாத், வேலூர் என்று எந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் குடல் நோய்ப் பிரிவிலும் இப்படி ஒருவர் காத்திருப்பது வழக்கமான காட்சி.

ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பிறந்து வளர்ந்தவர் என்றால், டாக்டர் பெரும்பாலும் 'கிரோன் நோய்' என்று எழுதிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். இங்கே பேனா தயங்குகிறது. காரணம், உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. குடலையும் பிடிக்கும். அதுவும் கிரோன் நோய் விரும்பித் தங்கும் அதே இடத்தில். புண்ணும் ஏறத்தாழ அதேபோல இருக்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருந்தால் கவலையில்லை. ஆனால் அவை எதிரெதிரானவை. காசநோய்க்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். கிரோன் நோயில், தன் குடலையே தாக்கும் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்க வேண்டும். காசநோயாளிக்குத் தவறுதலாக ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிகள் உடலெங்கும் பரவலாம், உயிரே போகலாம். கிரோன் நோயாளிக்குக் காசநோய் மாத்திரைகளைக் கொடுத்துக் காத்திருந்தால், அதற்குள் குடல் தழும்பேறிச் சுருங்கி அறுவை சிகிச்சையில் போய் முடியலாம்.

பழைய குழப்பம்

இந்தக் குழப்பம் நோயின் பிறப்பிலேயே இருக்கிறது. 1913ல் கிளாஸ்கோ நகர அறுவை சிகிச்சை நிபுணர் கென்னடி டால்ஸியல், குடல் தடித்துப்போகும் ஒரு விசித்திர நோயை விவரித்தார். அது மாடுகளுக்கு வரும் ஜோனி நோயைப் போல இருப்பதாக அவருக்குப் பட்டது. மாட்டு நோய்க்குக் காரணமான கிருமியோ காசநோய்க் கிருமியின் உறவுக்காரன். 1932ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் பர்ரில் கிரோனும் அவரது இரு சகாக்களும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடல் துண்டுகளிலும் காசநோய்க் கிருமி தேடப்பட்டது, அகப்படவில்லை. எனவே இது தனி நோய் என்றார்கள். மூவர் பெயரும் அகர வரிசையில் அச்சானதால் முதலில் நின்ற கிரோனின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது.

குடல் அழற்சி நோயில் இன்னொரு வகை, பெருங்குடல் புண் நோய். இது மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலோடு நின்றுவிடும். மலத்தோடு ரத்தம் போகும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் பாயலாம். இரண்டையும் கட்டுப்படுத்தலாம், முற்றிலும் தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை.

இது வெள்ளைக்காரர் நோய் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. அதை உடைத்த ஆய்வுகளில் ஒன்று லெஸ்டர் நகரிலிருந்து 1992ல் வந்தது. அங்கே குடியேறிய இந்தியர்களிடையே பெருங்குடல் புண் நோய் உள்ளூர் ஐரோப்பியர்களைவிட அதிகமாகவே இருந்தது. 1999ல் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பஞ்சாப் மக்களிடையே கணக்கெடுத்தபோது லட்சத்துக்கு 44 பேருக்கு அந்த நோய் இருந்தது. இந்தியாவுக்கும் அது அந்நியமல்ல என்பது 2003ல் வெளியான அந்த முடிவுகளில் உறுதியாயிற்று.

காரணம் தேடிய பாதையிலும் இந்தியா தனித்து நிற்கிறது. கிரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவான 'நாட்-2' 2001ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியர்களிடம் அடிக்கடி தென்படும் அதன் கோளாறுகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இந்திய நோயாளிகளிடம் தேடினார்கள். அவை இல்லை என்று 2008ல் எழுதினார்கள். நோய் அதேதான், வந்த வழி வேறு.

மருந்துகளின் ஊர்வலம்

சிகிச்சையின் கதை ஒரு தற்செயலில் தொடங்குகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசாலசின், பெருங்குடல் புண்ணையும் ஆற்றுவதை அவர் 1940களின் தொடக்கத்தில் கவனித்தார். 1955ல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவும் விட்ஸும் 210 நோயாளிகளிடம் கார்ட்டிசோனைச் சோதித்து அதன் பலனை நிரூபித்தார்கள். நோயின் சீற்றத்தை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு இன்றும் இடமுண்டு. ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும்.

அடுத்த பெரிய திருப்பம் 1993ல் ஆம்ஸ்டர்டாமில் நிகழ்ந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத கிரோன் நோயால் அவதிப்பட்ட 13 வயதுச் சிறுமிக்கு, 'டி.என்.எஃப்.' என்ற அழற்சிப் பொருளை முடக்கும் ஆன்டிபாடி ஊசி போடப்பட்டது. அவள் தேறினாள். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அந்த மருந்துக்கு 1998ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் அதன் மறுபக்கம் தெரிந்தது. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தால், செல்கள் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறை வைக்கின்றன. அந்தச் சுவர் இடியாமல் நிற்க டி.என்.எஃப். தேவை. அதை முடக்கினால் சிறை திறந்துகொள்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001ல் வெளியான அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. உறங்கும் கிருமியைக் கோடிக்கணக்கானோர் சுமக்கும் இந்தியாவில் இந்த எச்சரிக்கைக்கு இரட்டிப்பு அர்த்தம் உண்டு. எனவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, தோல் அல்லது ரத்தப் பரிசோதனை கட்டாயம். உறங்கும் கிருமி தெரிந்தால் முதலில் தடுப்பு மாத்திரைகள் தரப்படுகின்றன.

பிறகு வந்த மருந்துகள் வேறு வழிகளைத் தேடின. 2014ல் அனுமதி பெற்ற வெடோலிஸுமாப், நோய் எதிர்ப்பு செல்கள் குடலுக்குள் நுழையும் வாசலை மட்டும் அடைக்கிறது. உடலின் மற்றப் பகுதிகளை அதிகம் தொடுவதில்லை. பெருங்குடல் புண் நோயில் அதையும் பழைய அடாலிமுமாபையும் நேருக்கு நேர் மோதவிட்ட 2019 ஆய்வில், ஓராண்டு முடிவில் முதல் மருந்து பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் இரண்டாவதைப் பெற்றவர்களில் 22.5 சதவீதத்தினரும் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். வெற்றி வெடோலிஸுமாபுக்குத்தான். ஆனால் வென்ற மருந்தும் மூன்றில் ஒருவருக்குக்கூட முழுப் பலன் தரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2016ல் உஸ்டெகினுமாப், 2022ல் ரிசாங்கிஸுமாப் ஆகியவை கிரோன் நோய்க்கு அனுமதி பெற்றன. இவற்றில் காசநோய் ஆபத்து டி.என்.எஃப். மருந்துகளைவிடக் குறைவு. ஊசி வேண்டாம் என்போருக்கு டோஃபாசிடினிப் (2018), உபாடாசிடினிப் (2022) மாத்திரைகள் வந்தன.

அவசரமும் தயக்கமும்

மருந்துகள் பெருகியதைவிட முக்கியமான மாற்றம், அவற்றைக் கொடுக்கும் முறையில் நேர்ந்திருக்கிறது. லேசான மருந்தில் தொடங்கி, பலனில்லை என்றால் படிப்படியாக ஏறுவதே பழைய வழக்கம். பிரிட்டனில் புதிதாகக் கிரோன் நோய் கண்ட 386 பேரிடம் நடந்த ஆய்வு 2024ல் இதைப் புரட்டிப்போட்டது. தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்ஸிமாபும் துணை மருந்தும் பெற்றவர்களில் 79 சதவீதத்தினர், ஓராண்டு முழுவதும் ஸ்டீராய்டோ அறுவை சிகிச்சையோ தேவைப்படாமல் நோய் அடங்கி இருந்தார்கள். படிப்படியாக ஏறியவர்களில் இது வெறும் 15 சதவீதம். 'முதலிலேயே பலமாக அடி' என்பதே ஆய்வின் பாடம்.

இந்திய டாக்டரின் இக்கட்டு இங்கேதான் முற்றுகிறது. புதிய விஞ்ஞானம் அவசரப்படு என்கிறது. காசநோய் பயம் பொறு என்கிறது.

சதைத் துண்டில் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டால் பிரச்னையே இல்லை. ஆனால் குடல் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவு. வளர்த்துப் பார்த்தாலும், மரபணுச் சோதனை செய்தாலும் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. அதனால் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே ஒரு சோதனையாக இந்தியாவில் வழங்கி வருகிறது. புண் ஆறினால் காசநோய், ஆறாவிட்டால் கிரோன்.

இந்த வழக்கத்தை எடைபோட்டவர்கள் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டாக்டர்கள். 2017ல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று மாதத்தில் காசநோயாளிகள் அநேகமாக எல்லோருக்கும் நோயின் அறிகுறிகள் குறைந்தன. சிக்கல் என்னவென்றால், கிரோன் நோயாளிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் 'தேவலை' என்றார்கள். ஆனால் குடலுக்குள் எட்டிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. ஆறு மாத முடிவில் காசநோயாளிகளின் புண்கள் ஆறியிருந்தன. கிரோன் நோயாளிகளில் மிகச் சிலருக்கே ஆறியிருந்தன. நோயாளி சொல்வதை மட்டும் நம்பி மருந்தை நீட்டுவது தவறான பாதை என்பது தெளிவாயிற்று.

ஆறு மாதம் காத்திருப்பதும் அதிகம். காசநோய் மருந்தில் காலம் கழித்த கிரோன் நோயாளிகளுக்குக் குடல் சுருக்கம் கூடுதலாக வருவதை இந்திய ஆய்வுகளே காட்டின. எனவே இரண்டு மாதத்திலேயே மறுபடி கொலோனாஸ்கோபி செய்து முடிவெடுப்பதை நிபுணர்கள் இப்போது வலியுறுத்துகிறார்கள். அழற்சியின் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும், மலத்தில் 'கால்புரோடெக்டின்' புரதத்தை அளக்கும் பரிசோதனையும் இடையிடையே துப்புக் கொடுக்கின்றன. சி.டி. ஸ்கேனில் வயிற்றின் உட்புறக் கொழுப்பையும் தோலடிக் கொழுப்பையும் ஒப்பிடும் முறையும் உண்டு. கிரோன் நோயில் உட்கொழுப்பின் விகிதம் கூடுதல்.

உள்நாட்டுச் சரக்கு

பெருங்குடல் புண் நோயில் இந்திய டாக்டர்கள் உலகத்துக்கே சேதி சொல்லியிருக்கிறார்கள். நோய் திடீரென்று உக்கிரமாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 104 பேரிடம் லூதியானாவில் ஒரு சோதனை நடந்தது. ஸ்டீராய்டோடு டோஃபாசிடினிப் மாத்திரையும் பெற்றவர்களில் 83 சதவீதத்தினர் ஏழு நாளில் தேறினார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 59 சதவீதம். 2024ல் வெளியான இந்த முடிவுக்கு இந்தியாவில் தனி மதிப்புண்டு. ஊசிகள் விலை எட்டாத உயரத்தில் இருக்கும்போது, டோஃபாசிடினிப் இங்கே உள்நாட்டு மாத்திரையாக மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் மலிவு என்பதால் விருப்பம்போல் வாங்கி விழுங்கக் கூடாது. மூட்டுவாத நோயாளிகளிடம் மாரடைப்பு, ரத்த உறைவு, புற்றுநோய் ஆபத்து கூடியதால் 2021ல் அமெரிக்க அரசு இதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அக்கி வரும் வாய்ப்பும் அதிகம்.

இன்னொரு ஆய்வு கேட்கவே முகம் சுளிக்க வைக்கும். ஆரோக்கியமான கிராமவாசிகளின் மலத்திலிருந்து நல்ல நுண்ணுயிர்களை எடுத்து நோயாளியின் குடலில் செலுத்துவதும், கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவு கொடுப்பதும்தான் அது. தில்லி அகில இந்தியக் கழகம் 66 பேரிடம் செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் மூன்றில் இருவருக்கு எட்டு வாரத்தில் பலன் தெரிந்தது. வழக்கமான மருந்துகளோடு நின்றவர்களில் மூன்றில் ஒருவருக்கே. இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது.

மஞ்சள்? அதன் சாரமான குர்குமினை மெசாலமைனோடு நாளுக்கு 3 கிராம் கொடுத்தபோது 2015 ஆய்வு ஒன்றில் நல்ல பலன் கிடைத்தது. தில்லியில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்குதான். குழம்பில் போடும் மஞ்சள் எந்தக் கணக்கிலும் சேராது.

இனி என்ன?

லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆராய்ச்சிக் கூடம், அழற்சியைத் தூண்டும் செல்களை முடுக்கிவிடும் 'ஈடிஎஸ்-2' என்ற மரபணுவை 2024ல் அடையாளம் காட்டியது. 'டிஎல்-1ஏ' என்ற பொருளை முடக்கும் ஊசி, பெருங்குடல் புண் நோயில் அதே ஆண்டு வெளியான நடுக்கட்டச் சோதனையில் 12 வாரத்தில் 26 சதவீதத்தினரின் நோயை அடக்கியது. போலி மருந்து பெற்றவர்களில் ஒரு சதவீதம்.

இந்த மருந்துகள் எல்லாம் சரியான நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த இருபத்தைந்து வயதுக்காரருக்குக் காசநோய் மாத்திரை தரப்பட்டால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'மறுபடியும் குடலைப் பார்ப்பது எந்தத் தேதியில்?' இரண்டு மாதத்தில் விழும் தேதியாக இருந்தால் நல்லது. உடம்பு தேவலை என்று அந்தத் தேதியை அவர் தவறவிடாமல் இருந்தால் அதைவிட நல்லது.