புதுப்பித்தலுக்குப் பின் உறையும் கணினிகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. துறைகள் 11-க்கு மாறுகின்றன. மாறியபின் உறைந்து நிற்கும் ஆய்வகக் கணினிக்கு முதலில் சொல்லப்படும் மருந்து ‘ஃபார்மட்’. களப்பதிவுகளும் அதோடு போகின்றன.

2024 ஜூலை 19 மறந்துபோயிற்று போலும். அன்று ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வடக்கே, தேவனஹள்ளி விமான நிலையத்திலும் பயணப் பதிவு தடைப்பட்டது; நாட்டின் சில நிலையங்களில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதப்பட்டன. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் 20 உள்ளீடுகளைத் தர, புதிதாய் வந்த கோப்பு 21ஆவதைக் கேட்டது. அவ்வளவே, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டும், விழுந்தவற்றுள் பெரும்பாலானவை தாமாக எழவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் அமர்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. ஃபார்மட் தேவைப்படவில்லை. பிட்லாக்கர் பூட்டிய கணினிகளிலோ 48 இலக்க மீட்புச் சாவியும் வேண்டியிருந்தது.

எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மேம்படுத்துவது பொறுப்பின்மை. ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். உறைந்தால், சேஃப் மோடில் திறந்து டிரைவர்களை முதலில் ஐயுற வேண்டும்; 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பவும் பெரும்பாலும் வழியுண்டு. மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைப்பது நலம். பூட்டிய கணினிக்குள்ளேயே அதைச் சேமித்து வைப்பவரும் உளர்.